சொந்த ஊரில் உதவி செய்ய நினைக்கிறேன், எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான். சென்னையில் ஐ.டி. வேலையில் இருந்த ஒருவர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். மாதம் 3,000 ரூபாயும் சனிக்கிழமைகளும் ஒதுக்க முடியும் என்கிறார். "அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, பை வாங்கித் தரலாமா? ஒரு காப்பகத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பலாமா? இல்லை, நண்பர்கள் சேர்ந்து ஒரு டிரஸ்ட் தொடங்கலாமா?" என்று கேட்கிறார்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் பள்ளி மேலாண்மைக் குழு, நூலக வாசகர் வட்டம் என்று அதே பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோட்டும் பையும் வேண்டாம். காப்பகத்துக்கு நன்றாக விசாரித்த பிறகு கொடுங்கள். டிரஸ்ட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உங்களிடம் இருப்பதில் ஊருக்கு ரொம்பத் தேவைப்படுவது அந்தச் சனிக்கிழமைதான்.

முதலில் நோட்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் வருகிறது. மதியம் சத்துணவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு வருடமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. இதற்குமேல் ஜூன் மாதம் ஆனால் இரண்டு மூன்று சங்கங்கள் வந்து அதே நோட்டைத் திரும்பக் கொடுக்கும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நோட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகும். கொடுப்பவர்கள் மனசு நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் கழிப்பறை கழுவ ஆள் இருக்கிறதா, கழுவ ஆசிட்டும் பினாயிலும் வாங்கக் காசு இருக்கிறதா என்று அவர்களில் யாரும் கேட்பதில்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் போவதற்கு அதுதான் காரணம் என்று தலைமையாசிரியரும் மேடையில் சொல்ல மாட்டார்.

ஆகவே முதலில் நீங்கள் படித்த பள்ளிக்கே போங்கள். வெறுங்கையோடு போங்கள். தலைமையாசிரியரிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் "ஸ்மார்ட் போர்டு" என்பார், வந்தவரிடம் பெரிதாகக் கேட்போமே என்ற எண்ணம்தான். அப்படிக் கேட்காமல், "போன வருடம் எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள், ஏன்?" என்று கேளுங்கள். உண்மையான பட்டியல் அந்தப் பதிலில்தான் வரும். ஒரு பையன் சித்தாள் வேலைக்குப் போயிருப்பான், ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசியிருப்பார்கள், ஒரு வீட்டில் அப்பா செத்துப்போயிருப்பார்.

வெளியாளைப் பள்ளிக்குள் விடத் தலைமையாசிரியர் தயங்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்திப் பிள்ளைகளிடம் அத்துமீறிய சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் பயப்படுவது நியாயம்தான். முறையான வாசல் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். 2024இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். குழுவில் இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குழுத் தலைவராக இருக்கும் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். பீடி சுற்றிக்கொண்டோ நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டோ இருப்பார். ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்குக் கல்வித் துறைக்குக்கூடத் தெரியாது.

பொருளாகவே தரவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் அதற்கும் நம் பக்கம் ஒரு அழகான வழக்கம் இருக்கிறது: கல்விச் சீர். பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது மாதிரி தட்டுகளில் வைத்து, மேளதாளத்தோடு ஊரே பள்ளிக்கு மின்விசிறி, நாற்காலி, பீரோ, தண்ணீர்க் குடம் வரை எடுத்துப்போவது. இதன் வேர் பழையது. காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஊர் மக்களே தங்கள் பள்ளிக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவியது. பட்டியலைப் பள்ளி போட வேண்டும், அதைப் பார்த்து ஊர் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் விசேஷம். இப்போது 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்திலும் பள்ளியின் தேவையைப் பார்த்து இணையம் வழியே பணம் கட்டலாம். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழர்கள் "நாங்களும் ஏதாவது செய்கிறோம்" என்றால் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கம் கட்டட வேலைக்கும் லோடு வேலைக்கும் போகும் குடும்பங்கள் நிறைய. அப்பா விபத்தில் போய்விட்டார், முப்பது வயசுத் தாய், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சொந்தபந்தம் கூட நிற்கும். ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் கையில் கொடுப்பார்கள். நீங்களும் 3,000 கொடுக்கலாம், அது அரிசி மளிகைக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு உரிமையாக வரவேண்டிய தொகை லட்சக்கணக்கில் இருக்கலாம், அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லாமல் கிடக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் இறந்தவரின் வங்கி பாஸ்புக்கைப் பதிவு போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா? 436 என்றால் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 என்றால் சுரக்ஷா காப்பீடு, விபத்தில் இறந்தால் 2 லட்சம். கணக்குத் தொடங்கிய அன்று யாரோ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இதைத் தள்ளிப்போடாமல் வங்கியில் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்தது, பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படித்தால், சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ பிள்ளை பேரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் திட்டம் கல்வித் துறையில் இருக்கிறது. மனு தலைமையாசிரியர் வழியாகப் போகும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இணைக்க வேண்டும். இத்தனை காகிதத்தையும் ஒரு தாய் தனியாகச் சேர்ப்பதற்குள் பிள்ளை பத்தாவது தாண்டிவிடும். அப்பா கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே தனியாக உதவித் தொகை உண்டு, பிள்ளைகள் படிப்புக்கும் உண்டு. ஆனால் அட்டையைப் புதுப்பித்திருக்க வேண்டும். ஊரில் உயிரோடு இருக்கும் கொத்தனார், சித்தாள் அட்டைகளை இப்போதே வாங்கிப் புதுப்பித்துக் கொடுப்பதே ஒரு சனிக்கிழமை வேலைதான்.

அப்புறம் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம். தந்தையை இழந்து தாயோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். மனுக் கொடுத்த எல்லாருக்கும் கிடைப்பதில்லை, பட்டியல் நீளம். ஆனால் மனுவே போகாத வீடுகள்தான் அதிகம். 'படிக்க வைக்க முடியவில்லை' என்று பிள்ளையைக் காப்பகத்தில் விடப்போகும் தாய்க்கு, பிள்ளையைத் தன்னோடேயே வைத்துக்கொண்டு இந்தத் தொகையைக் கேட்கலாம் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும், அந்தப் பிள்ளை வீட்டிலேயே வளரும். இதையும் சேர்த்துப் பார்த்துத்தான் காப்பகத்துக்குப் பணம் அனுப்புவது பற்றி யோசிக்கச் சொல்கிறேன்.

இதில் உங்கள் வேலை என்ன? கூடப் போவது, அவ்வளவுதான். இ-சேவை மையத்துக்கு, தாலுகா அலுவலகத்துக்கு, வங்கிக்கு. ரேஷன் கார்டில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா', பள்ளிச் சான்றில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் அந்தத் தாய்க்கு நான்கு நாள் கூலி போய்விடும், மனசும் விட்டுப்போகும். கவுண்டரில் "நாளைக்கு வாம்மா" என்பவரிடம், "என்ன குறைகிறது என்று எழுதிக் கொடுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேட்க உங்களைப் போல் பேன்ட் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் நின்றால் வேலை நடக்கிறது. கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடப்பு அதுதான். தாலுகா அலுவலகம் சனிக்கிழமை திறந்திருக்காது என்பதால் மாதத்தில் ஒரு வேலைநாளை இதற்கென்று விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையில் காகிதங்களைச் சேர்த்து, நகல் எடுத்து, மனுவை எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல், ஒப்புகைச் சீட்டு எண் எழுதிய ஒரு நோட்டு. நோட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இதற்கு வாங்குங்கள்.

படிப்பு விஷயத்திலும் இதே கதைதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்று ஒரு உதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் போதும், அரசுப் பள்ளியில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. பாடத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். மனத்திறன் பகுதிதான் பிள்ளைகளுக்குப் புதிது. எண் வரிசை, உருவ ஒப்புமை, சங்கேதக் குறியீடு என்று வரும். ஐ.டி. வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதிப் போன உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜூலையிலிருந்து சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பழைய வினாத்தாள்களைப் போட வையுங்கள்.

தேர்வான பிறகும் விடாதீர்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். தேர்வில் ஜெயித்தும் இந்தக் கடைசிப் படியில் பணத்தை விட்ட பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடம். தமிழில் ஈடுபாடு உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார். அவரை அதற்கு இழுத்துவிடுங்கள், மகிழ்ச்சியாக வருவார்.

தனியாகவே எல்லாம் செய்யப் பார்க்காதீர்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்கள் இருந்தார்கள். அவர்கள் இன்னும் உங்கள் தெருவிலேதான் இருப்பார்கள். பிள்ளைகளும் அவர்களை 'அக்கா' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். அவர்களில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் பாதுகாப்புக்கும் நல்லது. ஒரு பிள்ளையோடு நீங்கள் தனியாக ஒரு அறையில் இருக்கும்படி எப்போதும் வைத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பைப் பள்ளியிலோ நூலகத்திலோ கதவு திறந்து வைத்து நடத்துங்கள். ஏதாவது பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்துப் பண்ணாமல் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடித்தால் அது நேர்மையாக இருக்காது. நம் தென்மாவட்டங்களில் படிப்பு உதவி என்பது பாதிக்கு மேல் சாதிச் சங்கங்கள் வழியாகவே ஓடுகிறது. அவரவர் பிள்ளைகளுக்கு அவரவர் சங்கம் பரிசும் உதவித்தொகையும் கொடுக்கிறது. அதில் படித்து மேலே வந்தவர்களும் நிறைய, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்கே போய் உடன்படித்த பையன்கள் வெட்டியதையும் பார்த்தோம். அதன் பிறகு பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி நீதிபதி கே. சந்துரு குழு அறிக்கை கொடுத்ததும் தெரியும். நீங்கள் சொல்லிக்கொடுக்கும் சனிக்கிழமை வகுப்பு உங்கள் தெருவில் நடந்தால் உங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். யாரும் யாரையும் தடுக்க வேண்டாம், அதுவாகவே அப்படி ஆகிவிடும். அதனால்தான் பள்ளிக் கட்டடத்திலோ கிளை நூலகத்திலோ வையுங்கள் என்கிறேன். நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்துகொள்ளுங்கள். வாசகர் வட்டத்தில் ஒரு இடம் கிடைத்தால் வகுப்புக்கு நூலகரின் ஒப்புதல் வாங்குவதும் சுலபமாகும்.

சரி, காப்பகம். கொடுப்பதற்கு முன் நேரில் போங்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டப் போகவேண்டாம், சாதாரண நாளில் போங்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லாமல் பிள்ளைகளை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள், அவர்களை வீட்டுக்கு அனுப்ப என்ன முயற்சி எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல காப்பகம் என்றால் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லும். பிள்ளைகளைப் பாட்டுப் பாட வைத்து, முகம் தெரியப் படம் எடுத்துப் போட்டு வசூல் செய்யும் இடமாக இருந்தால் விலகிவிடுங்கள். பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் படத்தையும் அடையாளத்தையும் வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலான காப்பகங்களில் நன்கொடையாளர் பட்டியல் முன்கூட்டியே நிரம்பிவிடும். பதினெட்டு வயது முடிந்து வெளியே போகும் பிள்ளைக்கு ஹாஸ்டல் கட்டணம் கட்ட யாரும் இருக்க மாட்டார்கள். மாதம் 3,000 அங்கே போனால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

உங்கள் மாவட்டத்திலேயே பார்த்துக் கற்றுக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கியது. சிறுபிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். கட்டடத்துக்குள் பிள்ளைகளை அடைத்து வைக்காமல் குடும்பத்தோடு வேலை செய்வது எப்படி என்று அங்கே போய்ப் பாருங்கள்.

டிரஸ்ட் விஷயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிந்தால் டிரஸ்ட் வந்துவிடும், அதில் கஷ்டமே இல்லை. அதற்குப் பிறகுதான் பான் கார்டு, வருடாந்தரத் தணிக்கை, வருமான வரிப் பதிவு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி என்று ஒவ்வொன்றாக வரும். முதல் வருடமே தலைவர் யார், செயலாளர் யார் என்று சண்டையும் வரும். 80ஜி கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. ஆக, உங்கள் நண்பர்களில் பாதிப் பேருக்கு வரிச் சலுகையால் லாபமே இருக்காது. இன்னொன்று, துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்தில் வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவு இல்லாத டிரஸ்ட் அதைத் தொடவே கூடாது. இதெல்லாம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அதற்குப் பதில் நேரடியாகக் கட்டுங்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்றால் கல்லூரிக்கே கட்டி ரசீதை நண்பர்கள் குழுவில் போடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் மற்றவர் பணத்தை வாங்கி வைக்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையானவர்களாக இருந்தாலும். இரண்டு வருடம் ஒரே ஆட்கள் சண்டையில்லாமல் சேர்ந்து நின்றுவிட்டால் அப்புறம் டிரஸ்டைப் பற்றி யோசிக்கலாம்.

நேரம் குறித்து ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதம் வரும். வந்த ஒரு மாதத்துக்குள் கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கலந்தாய்வு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் கல்லூரிக் காலம் முழுக்க உண்டு. தொழிற்படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இது எதுவும் தெரியாமல் ஏஜெண்ட் சொன்ன தனியார் கல்லூரியில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு ஜூனிலும் உண்டு. நீங்கள் எந்த மாதத்தில் இதைப் படித்தாலும் ஏப்ரலுக்குள் அந்தப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு இ-சேவையில் முன்கூட்டியே மனுப் போட்டுவிடுங்கள், ஒரு சான்றுக்கு 60 ரூபாய்தான். உங்கள் 3,000இல் ஐம்பது பிள்ளைகளுக்குப் போட்டுவிடலாம்.